கழுத்துக்குக் கீழே எடுத்த படம்

இந்துமதி தர வேண்டியது ஏழாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். அடகு வைத்த கம்மலை வட்டியோடு திருப்ப அவ்வளவு ஆகும் என்று ஆடி மாதத்தில் வந்து நின்றாள். அவளுடைய அண்ணன் பெண்டாட்டி பழனாத்தாள் பருப்பு டப்பாவைக் கவிழ்த்து, கடைசி ஐம்பது வரைக்கும் எடுத்துக் கொடுத்தாள். “தீவாளி போனஸ் வந்தா மொதக் காசு உன்ற கையிலதான் நங்கயா” என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனவள் போனஸ் வாங்கினாள், பொங்கல் வைத்தாள், மாசியும் பிறந்துவிட்டது. கம்மல் காதில் ஆடியது. காசைக் காணோம்.

பழனாத்தாள் கேட்கக் கூசுகிறவள் இல்லை. முன்பெல்லாம் இரண்டு பேரும் வேலைக்குப் போகும் கம்பெனி வேனில் நாலு பேர் காதில் விழும்படியே கேட்டுவிடுவாள். ஆனால் தை மாதம் இந்துமதி ஒரு வரன் கொண்டுவந்தாள். பழனாத்தாளின் மகள் கவிப்பிரியாவுக்கு. பெண்ணுக்கு இருபத்தாறு நடக்கிறது. ஏற்கெனவே இரண்டு இடத்தார் வந்து, ஓட்டு வீட்டை நிமிர்ந்து பார்த்து, காப்பியைக் குடித்து, “சொல்லி அனுப்பறோமுங்க” என்று போனவர்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. இந்த இடம் கணியூர். இந்துமதியின் வீட்டுக்காரருக்குச் சொந்தம். பையன் பிரபாகர் உடுமலையில் டிராக்டர் பழுது பார்க்கிறான். குடிக்க மாட்டான். போனில் பேசிப் பழகட்டும் என்று விட்டதில், கவிப்பிரியா சிரிக்கிற சத்தம் இப்போது அடுப்படி வரைக்கும் கேட்கிறது. அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே, வரன் கொண்டுவந்தவளிடம் போய்க் கடனைக் கேட்க எந்தத் தாய்க்கு வாய் வரும்?

மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பையனின் அம்மா காளியாத்தாள் வீட்டைப் பார்க்க வருவதாகப் பேச்சு முடிந்தது. பேச்சு முடிந்த வாரத்திலேயே அளவு டேப் ஒன்று வந்து பழனாத்தாளின் இடுப்பைச் சுற்றியது.

அவிநாசி ரோட்டில் இருக்கும் ஒரு பனியன் கம்பெனியில் அவள் செக்கிங் டேபிளில் நிற்கிறாள். தைத்து வரும் பீஸை விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் பார்த்துத் தள்ள வேண்டும். நாளெல்லாம் நின்றே செய்யும் வேலை. பொழுதோடு வீடு திரும்பும்போது கால் தன்னுடையதாக இருக்காது. கட்டின சேலைக்கு மேலே புருஷன் சாமியப்பனின் பழைய முழுக்கைச் சட்டை. இருபது வருஷமாக அதுதான் அவள் உடுப்பு. அவள் வயசுக்காரிகள் பலருக்கும் அதுதான். சட்டையை மாட்டிக்கொண்டால் மாராப்பு ஒதுங்குகிறதா, வயிறு தெரிகிறதா, ஜாக்கெட் பிரிந்திருக்கிறதா என்று கவலைப்பட வேண்டியதில்லை. உடம்பை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி.

அன்றைக்கு சாம்பிள் பிரிவைப் பார்க்கும் கீர்த்தனா டேபிளுக்கு வந்தாள். தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பெண். படித்துவிட்டு, துணி வாங்கும் பையர்களோடு பேசுகிற வேலையில் இருக்கிறாள்.

“அக்கா, கொஞ்சம் இப்படி வந்து நில்லுங்க.”

“ஏனுங் மேடம், டேமேஜ் பீஸ் ஏதாச்சும் உட்டுட்டனுங்களா?”

“அதெல்லாம் இல்லீங்க. அளவு எடுக்கணும்.”

“எந்த பீஸுக்குங்?”

“உங்களுக்குத்தான்.”

வெளிநாட்டு பையர் ஒருவர் புதிதாக ஆர்டர் கொடுத்திருந்தார். ஐம்பதை ஒட்டின பெண்களுக்கென்றே தனியாக உடுப்பு. சாம்பிள் ரூமில் அளவு பார்க்க வைத்திருக்கும் பொம்மைக்கு வயிறும் இல்லை, வயசும் இல்லை. உயிருள்ள ஆள் ஒருத்தி வேண்டும். பையர் கொடுத்த மார்பு, இடுப்பு, பிட்டத்து அளவுக்கு அரை அங்குலம் முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான். கீர்த்தனா ஐந்தாறு பேரை அளந்து பார்த்துவிட்டு, பழனாத்தாளிடம் வந்ததும் டேப்பை இரண்டாம் தரம் சுற்றிப் பார்த்தாள்.

“அக்கா, நீங்க அப்படியே அச்சு!”

பக்கத்து டேபிள்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “பழனாக்கா, இனி பஸ் ஸ்டாண்டு பேனருல உன்ற படந்தான் போ. எங்களையெல்லாம் கண்டா பேசுவியா?”

“பேசாம வேலையப் பாரு அம்மிணி. வெளையாட்டுக்கு ஒரு நேரங்காலம் இல்ல” என்றாள் பழனாத்தாள். காது மடல் சுட்டது. மாட்டேன் என்றுதான் சொல்ல இருந்தாள். ஆனால் உடுப்பைப் போட்டுப் பார்க்கிற ஒவ்வொரு நாளைக்கும் ஒரு ஷிப்ட் கூலி கூடுதல் என்றாள் கீர்த்தனா. வீட்டில் விசேஷம் வருகிறது. வர வேண்டிய காசோ இந்துமதியின் காதில் தொங்குகிறது. தலையை ஆட்டினாள்.

வீட்டில் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? கால்சட்டை போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்கப் போகிறேன் என்றா?

முதல் தடவை துணி மாற்றும் அறைக்குள் போனவள் வெளியே வரவே இல்லை. தொடை வரைக்கும் இறங்குகிற கரும்பச்சை மேல்சட்டை. கீழே கணுக்கால் தெரியத் தொளதொளவென்று ஒரு கால்சட்டை. கதவைக் கால்வாசி திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

“மேடம், இதுக்கு மேல என்ற சட்டையப் போட்டுக்கறனுங்களே?”

“சட்டையப் போட்டா நான் எதைங்க்கா பாக்கறது?”

சாம்பிள் டெய்லர் ராசப்பன் ஊசி டப்பாவோடு நின்றுகொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் மனிதர். “வாங்க ஆத்தா. இந்த ரூமுல நான் ஆளையே பாக்கறதில்ல, தையலத்தான் பாப்பேன். பொம்மையும் ஒண்ணு, பொம்பளையும் ஒண்ணு” என்றார். “பொம்மை பசிக்குதுன்னு சொல்லாது. நீங்க சொல்வீங்க. அதுதான் வித்தியாசம்.”

வெளியே வந்தாள். ஆள் உயரக் கண்ணாடி ஒன்று சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. வீட்டில் இருக்கிற கண்ணாடியில் பொட்டு வைக்கத் தேவையான அளவுக்கு முகம் தெரியும். அதற்குக் கீழே அவள் தன்னைப் பார்த்தே வெகு காலம் ஆகிவிட்டது. கண்ணாடிக்குள் நின்றவளை முதலில் யாரோ என்றுதான் நினைத்தாள். தோள் நேராக இருந்தது. வயிறு இருந்தது, ஆனால் அது ஒரு குற்றம் மாதிரி இல்லை. சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். யாராவது பார்த்துவிட்டால் என்ற பயத்தைவிட, தானே பார்த்துவிட்டோமே என்பது பெரிதாக இருந்தது.

கீர்த்தனா பையர் எழுதி அனுப்பியதைப் படித்து ராசப்பனுக்குத் தமிழில் சொன்னாள். “கை முழங்கைக்கு ரெண்டு விரல் கீழ நிக்கணுமாங்க. கழுத்து எறங்கக் கூடாது. அதுக்காகக் கொரவளியவும் புடிக்கக் கூடாது. வயித்துல ஒட்டக் கூடாது, சாக்குப்பை மாதிரியும் தொங்கக் கூடாது. வயச மறைக்கவும் கூடாது, கூட்டிக் காட்டவும் கூடாது.”

பழனாத்தாளுக்கு அதிசயமாக இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ உட்கார்ந்துகொண்டு, ஐம்பது வயசுக்காரியின் முழங்கையைப் பற்றி இத்தனை யோசித்திருக்கிறார்கள். இங்கே வயசுக்குத் தக்கபடி உடுத்துவது என்றால் கலரைக் குறைத்துக்கொண்டே போவது. கட்டிக்கொடுக்கும்போது சிவப்பு. பிள்ளை பெற்றால் மெரூன். பிள்ளை தலையெடுத்தால் காப்பிக் கலர். பேரன் பிறந்தால் சாம்பல். அதற்கப்புறம் எரிக்கக் கொண்டுபோக வேண்டியதுதான்.

கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினாள். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள். கடைசியில் கீர்த்தனா போனை எடுத்தாள்.

“மூஞ்சி வருமுங்களா?”

“வராதுங்க்கா. கழுத்துக்குக் கீழதான் எடுப்போம். எல்லாக் கம்பெனியிலயும் அப்படித்தான்.”

“நெசமாங்?”

“நெசமாங்க்கா.”

இரண்டாம் தடவை வினை வந்தது. கால் அகட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தொடையில் துணி இழுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரம். கதவு திறந்தது. விலைச்சீட்டு சாம்பிள் வாங்கிப்போக வந்தவள், அதே கம்பெனியில் பேக்கிங் பார்க்கும் இந்துமதி.

பழனாத்தாளுக்கு எழவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. இந்துமதி கால்சட்டையைப் பார்த்தாள். அண்ணி குத்தவைத்திருந்த கோலத்தைப் பார்த்தாள். உதட்டை மடக்கிச் சிரித்தாள். சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் வேனில் ஜன்னல் ஓரம் இடம் போட்டு வைத்துக் கூப்பிட்டாள். “வா நங்கயா, இங்க உக்காரு. பேண்ட்டு போட்டுப் பழகின காலுக்கு நிக்கறது கஷ்டமா இருக்குமல்லோ.”

“மெதுவாப் பேசு இந்து. கம்பெனி வேலைதான அது.”

“நானும் அதத்தான சொல்றேன். வேலைன்னா எல்லாந்தான் செய்யணும். எங்க அண்ணனுக்குத் தெரியுமா?”

பழனாத்தாள் சாப்பாட்டுப் பையை மடியில் நகர்த்தி வைத்தாள்.

“அவங்கிட்டப் போயி நான் எதுக்குச் சொல்றேன். கணியூருக்காரங்கதான் கொஞ்சம் ஆச்சாரம் பாப்பாங்க. அந்தக் காளியாத்தக்கா நைட்டி போட்டுட்டு வாசலுக்கு வந்த மருமவளையே நாலு நாள் பேசாம வச்சவ. மூத்த மருமவள. நமக்கென்ன, ஆரு சொல்லப் போறா? போட்டோ வேற எடுக்கறாங்களாமா?”

“கழுத்துக்குக் கீழதான்.”

“அது இன்னும் மோசமல்லோ நங்கயா” என்று சொல்லி இந்துமதி வெளியே பார்த்தாள். கம்மல் வேனின் குலுக்கலுக்கு ஆடிக்கொண்டே வந்தது.

அன்றிலிருந்து பழனாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. டேபிளில் ஓட்டை பீஸ்கள் அவள் கண்ணுக்குத் தப்பிப் போயின; சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினாள். வீட்டில் போன் அடித்தால் நெஞ்சு அடித்தது. கணியூரிலிருந்து ‘வேண்டாம்’ என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்களோ? மகள் அறைக்குள்ளே சிரிக்கிறபோதெல்லாம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, இன்னும் எத்தனை நாளைக்கு இந்தச் சிரிப்பு என்று நினைத்துக்கொள்வாள். வயசான காலத்தில் கால்சட்டை போட்ட அம்மாவால் கெட்டது என்று ஊர் சொல்லும். மகளே சொல்லமாட்டாளா?

மூன்றாம் தடவைக்குக் கூப்பிட்டபோது கீர்த்தனாவிடம் போய் நின்றாள். “வேற ஆளப் பாத்துக்கங்க மேடம். ஊட்டுல விசேஷம் வருது.”

“அக்கா, இப்ப ஆளை மாத்துனா மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஒரே ஒரு தடவைங்க்கா. இது ஓகே ஆனா அப்ரூவல் வந்துரும்.” கீர்த்தனாவின் முகமும் வாடித்தான் இருந்தது. அவளை மேலே இருப்பவர்கள் விரட்டுகிறார்கள். அவள் என்ன செய்வாள். பழனாத்தாள் உடுப்பை வாங்கிக்கொண்டாள்.

இந்தத் தடவை படம் எடுத்ததும், “எனக்கு ஒண்ணு அனுப்பி உடுங்க மேடம். மூஞ்சி வருதான்னு நானே பாத்துக்கறேன்” என்றாள். படம் போனுக்கு வந்தது. முகம் இல்லைதான். பார்த்த கையோடு அழித்துவிட வேண்டும் என்றுதான் வாங்கினாள். அழிக்கத் தெரியாதவளும் அல்ல. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஒரு தரம் பார்த்தாள். வேனில் போனை மடியில் சாய்த்து இன்னொரு தரம். கரும்பச்சை தோளில் நின்ற விதம், கை முடிகிற இடம், கால்சட்டை விழுகிற மடிப்பு. படம் போனிலேயே இருந்தது.

வீட்டில் வேறொரு பஞ்சாயத்து. ஞாயிற்றுக்கிழமைக்கு அம்மா என்ன கட்டுவது?

“அம்மா, ஒறம்பரை வர்றப்ப தயவு செஞ்சு அந்தச் சட்டைய மாட்டிக்கிட்டு நிக்காத” என்றாள் கவிப்பிரியா. ராணிக் கலரில் சேலையும், கையில் ஜரிகை பிதுங்குகிற ஜாக்கெட்டும் போனில் காட்டினாள். “இது போடு. இப்பெல்லாம் பொண்ணோட அம்மா அக்கா மாதிரி இருக்கறதுதான் ஸ்டைல்.”

“அக்கா மாதிரி இருந்தா ஒன்னையக் கட்டுவாங்களா, ஒன்ற அம்மாவக் கட்டுவாங்களா?” என்றார் வாசலில் உட்கார்ந்திருந்த சாமியப்பன். சாயப்பட்டறையில் துணி மூட்டை தூக்குகிறவர். முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

இந்துமதி வந்து வேறு விதமாகச் சொன்னாள். “சாம்பல் கலருல ஒண்ணு கட்டிக்க நங்கயா. அடக்கமா இருக்கட்டும். மத்ததுக்கெல்லாம் அது ஈடு கட்டுமல்லோ.” மற்றது என்ன என்று கவிப்பிரியா கேட்கவில்லை. அது என்னவென்று பழனாத்தாளுக்கு மட்டும் தெரியும்.

இரண்டையும் விட்டாள். பெட்டியில் கரும்பச்சையில் ஒரு சேலை இருந்தது. தங்கை கல்யாணத்துக்கு எடுத்தது. அதற்கு ஜாக்கெட் துணி வாங்கி ராசப்பனிடம் நீட்டினாள். “அளவு உங்க கிட்டயே இருக்குதுங்களே.”

“இருக்குதுங்க. அளவு மட்டுமா, பையர் எழுதுன கமெண்ட்ஸும் இருக்குது” என்றார் அவர். “கழுத்து எறங்காது, கொரவளியப் புடிக்காது. கை முழங்கை வரைக்கும் போதுமுங்களா?”

“போதுமுங்க.” அவரிடம் சொல்லும்போது கூச்சம் வரவில்லை என்பதை வெளியே வந்த பிறகுதான் கவனித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சேலையைக் கட்டி, ஜாக்கெட்டின் கொக்கியை மாட்டிவிட்டுக் கவிப்பிரியா இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். ராணிக் கலரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “நல்லாருக்குதும்மா” என்றாள். அந்த நல்ல வார்த்தையை வைத்துக்கொள்ளக்கூடப் பழனாத்தாளின் மனசில் இடம் இல்லை. சட்டை இல்லாத தோள் குளிர்ந்தது. அடிக்கடி கை தானாகப் போய் இல்லாத சட்டையை இழுத்து மூடியது.

காப்பிக்குப் பால் வைக்கும்போது இந்துமதி அடுப்படிக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

“நங்கயா, பஸ் எறங்கிட்டாங்களாம். நானே பக்குவமாப் பேசி முடிச்சர்றேன், நீ கவலைப்படாத.” பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: “அந்த ஏழாயிரத்து முந்நூத்தம்பது இருக்குதல்லோ. அதக் கணக்கு தீத்துரலாமா? நமக்குள்ள எதுக்கு. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், நானும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்.”

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. பழனாத்தாள் துணி எடுத்துத் துடைத்தாள். ‘செரி’ என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இன்றைக்கு ஏழாயிரத்தோடு வாய் மூடும். நாளைக்கு மண்டபத்துக்கு முன்பணம் கட்டும்போது? பிள்ளை பெற்று அழைத்து வரும்போது? இவள் வாய்க்கு ஆயுசுக்கும் வட்டி கட்டவேண்டியதுதானா? வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. பதில் சொல்லாமலே தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

காளியாத்தாள் தடித்த கண்ணாடி போட்ட, எலும்பும் தோலுமான மனுஷி. சேலைத் தலைப்பை ஊக்கு குத்தி இறுக்கிக் கட்டியிருந்தாள். கூட வந்த வீட்டுக்காரர் உட்கார்ந்ததும் சாமியப்பனோடு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். காளியாத்தாள் சுவரைப் பார்த்தாள், ஓட்டைப் பார்த்தாள், கவிப்பிரியாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, “ஏன் கண்ணு, எங்கூட்டு எருமைக்குத் தண்ணி காட்டுவியா?” என்றாள். “எருமை ஒத்துக்கிச்சுன்னா காட்டறனுங்க” என்றது பெண். காளியாத்தாள் சிரித்தாள். பழனாத்தாளால் சிரிக்க முடியவில்லை. கதவோரம் சாய்ந்து நின்ற இந்துமதியின் உதட்டில் அந்த மடித்த சிரிப்பு.

“நீங்க கம்பெனியில என்ன வேலைங்க?” என்று காளியாத்தாள் பழனாத்தாளைக் கேட்டாள்.

“செக்கிங்குங்க.”

“அது மட்டுந்தானுங்களா?”

இந்துமதி தொண்டையைச் செருமினாள். பழனாத்தாள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

“இன்னொண்ணும் செய்யறனுங்க. வெளிநாட்டுக்குப் போற துணி, என்ற வயசுப் பொம்பளைக்குத் தைக்கறது. அதை நான் போட்டு நிக்கணும். அளவு செரியா இருக்குதான்னு பாப்பாங்க. பேண்ட்டும் போடணுமுங்க. போட்டோ எடுத்து அனுப்புவாங்க. ஊட்டுல ஆருக்கும் தெரியாது.”

மழைப் பேச்சு நின்றது. சாமியப்பனின் டம்ளர் வாய்க்கும் தரைக்கும் நடுவே நின்றது. கவிப்பிரியா அம்மாவையே பார்த்தாள்.

காளியாத்தாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். “அந்தப் போட்டோ இருக்குதுங்களா?”

போனை எடுத்தாள். அவசரத்தில் வேறு எதையோ திறந்து, மூடி, படத்தைத் திறந்து நீட்டினாள். காளியாத்தாள் வாங்கிப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். மேலே நகர்த்தினாள், கீழே நகர்த்தினாள்.

“இதுல நீங்க எங்கீங்க? தலையவே காணமே.”

“கழுத்துக்குக் கீழதானுங்க எடுப்பாங்க.”

“அப்பப் பிரச்சினையே இல்லீங்களே.” காளியாத்தாள் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். “இது ஆரா வேணும்னாலும் இருக்கலாம். நாளைக்கு எங்க ஒறவுல ஆராச்சும் கேட்டா, நான் இல்லைங்க, எவளோன்னு சொல்லீட்டுப் போயிரலாம். இதுக்கா இப்படி வேர்த்து ஊத்துது உங்களுக்கு?”

வழி திறந்திருந்தது. தலையை ஆட்டினால் போதும். மூன்று வாரமாக அவள் வேண்டிக்கொண்டது இதைத்தான்: அது நான் இல்லை என்று யாராவது சொல்லிவிட வேண்டும். இப்போது சொல்லிவிட்டார்கள். படத்தில் கரும்பச்சை தெரிந்தது, நேரான தோள் தெரிந்தது. எவளோ.

“இல்லீங்க” என்றாள் பழனாத்தாள். “அது நான்தானுங்க.”

“ஆருன்னு தெரியாதுன்னுதான சொல்றேன்.”

“தெரியுமுங்க. இங்க பாருங்க.” வளையலை மேலே தள்ளி மணிக்கட்டைக் காட்டினாள். அயர்ன் பாக்ஸ் சுட்டு வழவழத்துப் போன தழும்பு. “போட்டோவுலயும் இருக்குது. கையப் பெருசு பண்ணிப் பாருங்க. நான்தான் அது.”

காளியாத்தாள் படத்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

“ஆமா. நீங்கதான்” என்றாள்.

சாமியப்பன் எழுந்து வந்து போனை எட்டிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். “என்ற சட்டையக் காட்டிலும் இது நல்லாத்தான இருக்குது” என்றார் யாரிடம் என்றில்லாமல். காளியாத்தாளின் வீட்டுக்காரருக்குக் காப்பி புரையேறிவிட்டது.

“இந்துமதி போன வாரமே போன்ல சொன்னா” என்றாள் காளியாத்தாள். கதவோரம் நின்றவள் நிமிர்ந்தாள். “‘அரைகுறையா நிக்கறா, படம் புடிச்சு வெளிநாட்டுக்கு அனுப்பறாங்க’ன்னு. நானும் என்னமோ ஏதோன்னுதான் வந்தேன். இதுல என்ன அரை, என்ன குறை? எங்கூரு டவுன் பஸ்ஸுல இதவிடக் குறைச்சலாத்தான் மூடிட்டு வராளுக.” போனைத் திருப்பிக் கொடுத்தாள். “எனக்குப் புடிச்சிருக்குதான்னு கேட்டா, புடிக்கலைதானுங்க. பொய் சொல்ல மாட்டேன். ஆனா என்ற பையன் கட்டப்போறது உங்க புள்ளைய. உங்கள இல்ல.”

பையைத் திறந்து வாழை இலையில் சுற்றியிருந்த மல்லிகையை எடுத்தாள். கவிப்பிரியாவைத் திரும்பச் சொல்லித் தலையில் வைத்தாள். அவர்கள் வழக்கத்தில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. கவிப்பிரியா திரும்பியபோது கண் நிறைந்திருந்தது. காளியாத்தாள் போகிறபோது பழனாத்தாளின் ஜாக்கெட் கையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள். “இது ஆருங்க தச்சது? கை நல்லா நிக்குது. எனக்கெல்லாம் எவ தச்சாலும் கக்கத்துல இழுக்குது” என்றாள்.

பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகும் இந்துமதி அங்கேயே இருந்தாள். டம்ளர்களைக் கேட்காமலே கழுவிக்கொண்டிருந்தாள். பழனாத்தாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“இந்து, அந்தக் காசு.”

“இப்பவா நங்கயா? நல்ல காரியம் நடந்த நாளு.”

“இப்பத்தான். எனக்கு உங்கிட்ட மறைக்க ஒண்ணும் பாக்கி இல்ல. நீ தர்றதுதான் பாக்கி.”

“நான் என்னமோ ஓடிப் போயிட்ட மாதிரி. நீ கேட்டிருந்தா எப்பவோ தந்திருப்பேன். கேட்டாத்தான?” இந்துமதி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். முகம் கொடுக்காமல் எண்களை அழுத்தினாள். “அக்கவுண்டுல ஏழாயிரந்தான் இருக்குது. சம்பளம் வந்ததும் மிச்சம்.”

பழனாத்தாளின் போன் டிங் என்றது. ஏழாயிரம் வந்திருந்தது.

“மிச்சம் வேண்டாம்” என்றாள். “அந்த முந்நூத்தம்பது உன்ற தரகுக் கூலி. வரன் கொண்டாந்தவ நீதான? வச்சுக்க. கணக்குத் தீந்துச்சு.”